முதல் போணி

மனச்சோர்வில் முடங்கியவர்களுக்கு மருந்தோடு சேர்த்து ஒரு கடை வேலை என்ன தருகிறது? அதே வேலை எப்போது ஆளைக் கெடுக்கிறது?

தீபாவளிக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போதே மதுரை விளக்குத்தூணைச் சுற்றியுள்ள ஜவுளிக்கடை வாசல்களில் அட்டைகள் தொங்க ஆரம்பித்துவிடும். ‘விற்பனைக்கு ஆட்கள் தேவை. அனுபவம் அவசியமில்லை.’ சீசன் முடிந்ததும் அட்டையும் போய்விடும், சேர்ந்தவர்களில் பாதிப் பேரும் போய்விடுவார்கள். அப்படி ஒரு சீசனில் உள்ளே போய், இன்றும் அதே கடையில் சுங்குடிச் சேலைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிற ஓர் அக்காவிடம் பேசினேன். வயது நாற்பதை ஒட்டி இருக்கும். தன் பேரும் கடையின் பேரும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். “நாளைக்குப் பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கணும்ல?” சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிற எந்த அம்மாவும் இப்படிப் பயப்படுவதில்லை.

அவருக்கு வந்தது மனச்சோர்வு. அம்மா இறந்த துக்கம் என்றுதான் முதலில் எல்லாரும் நினைத்தார்கள். துக்கமாக இருந்திருந்தால் நாள்பட நாள்படக் கொஞ்சமாவது கரைந்திருக்கும். இது இறுகிக்கொண்டே போனது. விடியக்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும், அதற்கப்புறம் தூக்கம் கிடையாது. உலை வைத்துவிட்டு அரிசி போட மறந்து, தண்ணீர் சுண்டிப் பானை கருகிய நாட்கள் உண்டு. பிள்ளைகளின் தலையைப் பின்னிவிடக் கை எழும்பாது. கோயில், மந்திரிப்பு, தாயத்து என்று எல்லாம் பார்த்த பிறகுதான் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு ஓ.பி. சீட்டு எடுத்தார்கள். மாத்திரை வேலை செய்தது. தூக்கம் திரும்பியது, சாப்பாடு இறங்கியது. “அழுகை நின்னுருச்சு தம்பி. ஆனா சிரிப்பு வரல. சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். அதுக்கு மாத்திரை இல்லன்னு நெனச்சுக்கிட்டேன்.”

இந்த இடத்தில்தான் நம் ஊரில் பெரும்பாலானவர்கள் தேங்கிப்போகிறார்கள். நோயின் உச்சம் கடந்திருக்கும், வாழ்க்கை திரும்பியிருக்காது. மருத்துவர் ‘ஏதாவது வேலையில் ஈடுபடுங்கள்’ என்பார். வீட்டார் ‘நல்லா ரெஸ்ட் எடு’ என்பார்கள். இரண்டாவது யோசனைதான் எப்போதும் ஜெயிக்கும், ஏனென்றால் அது அன்பாகத் தெரிகிறது.

நாத்தனார் ஜவுளி எடுக்க வரும்போது இவரையும் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார். வாசலில் அட்டை. நாத்தனார்தான் முதலாளியிடம் பேசினார். உடம்பு சரியில்லாமல் இருந்து தேறியவர், கூட்டத்தில் நிறுத்த வேண்டாம், பின்னால் மடிக்கிற வேலை இருந்தால் கொடுங்கள் என்று. மூன்று பேர் நின்றால் நெருக்குகிற கவுன்ட்டர் அது. பார்ப்பவர்கள் விரித்துப் போட்டுவிட்டுப் போகும் சேலைகள் பின்பக்கத்தில் குவியும். அதை எடுத்து, பார்டரோடு பார்டர் சேர்த்து நீவி, முந்தி வெளியே தெரிகிற மாதிரி மடித்து, நிறவாரியாக அடுக்க வேண்டும். ஒன்று மடித்தால் குவியலில் ஒன்று குறையும். அவ்வளவுதான் வேலை. ஆனால் ஒன்றைத் தொடங்கி முடிக்கவே முடியாமல் கிடந்தவருக்கு, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்று முடிந்துகொண்டே இருந்தது.

பிறகு ஒரு மத்தியானம், ஆள் பற்றாத நேரத்தில், முன்னால் வந்து நிற்கச் சொன்னார்கள். மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாட்டி, சேலையை விரலால் கசக்கிப் பார்த்துவிட்டு, “சாயம் போகுமா ஆத்தா?” என்று கேட்டிருக்கிறார். சுங்குடிச் சேலைக்காரர்களிடம் எல்லாரும் கேட்கிற கேள்விதான் அது. இவர் யோசிக்காமல் பதில் சொல்லியிருக்கிறார்: “மொதத் தடவ உப்புத் தண்ணியில ஊறப்போட்டு, தனியா அலசுங்கம்மா. நெழல்ல காயப்போடுங்க. ஒண்ணும் ஆகாது.” தன் அம்மா செய்துவந்தது அது. பாட்டி இரண்டு சேலை எடுத்தார். ஒன்று தனக்கு, ஒன்று சம்பந்தியம்மாளுக்கு.

“அன்னிக்கு ராத்திரி வீட்டுக்காரர்கிட்ட நானா ஒரு கதை சொன்னேன். அந்தப் பாட்டி கதைய. அவரு சாப்பிடறத நிறுத்திட்டு என்னையே பாத்துக்கிட்டிருந்தாரு.”

இப்போது பல நாள் அவர் கையால்தான் முதல் போணி. ராசியான கை என்று முதலாளி நம்புகிறார்.

ஏன் இப்படி நடக்கிறது? நாம் வழக்கமாக நினைப்பது, மனசு சரியானால் கைகால் தானாக அசையும் என்று. அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லூயின்சோன் 1970-களில் இதைத் தலைகீழாகப் பார்த்தார். சோர்வில் இருப்பவர் எல்லாவற்றிலிருந்தும் ஒதுங்குகிறார், ஒதுங்கியதால் சந்தோஷம் தரக்கூடிய எதுவும் அவரை வந்து தொடுவதில்லை, அதனால் சோர்வு கூடுகிறது, மேலும் ஒதுங்குகிறார். இந்தச் சுழலை மனசின் பக்கமிருந்து அறுப்பதைவிடச் செயலின் பக்கமிருந்து அறுப்பது சுலபம் என்பது அவர் கருத்து. 1996-இல் நீல் ஜேக்கப்சன் குழு இதைச் சோதித்தது. எண்ணங்களைத் திருத்தும் சிகிச்சையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, அதில் செயலில் இறக்குகிற பகுதியை மட்டும் சிலருக்குக் கொடுத்தார்கள். முழுச் சிகிச்சை பெற்றவர்களுக்கு நிகராக அவர்களும் தேறினார்கள்.

நமக்கு இன்னும் பக்கத்தில் கோவாவில் ஓர் ஆய்வு நடந்தது. விக்ரம் பட்டேலும் அவருடைய சகாக்களும் நடத்தி, 2017-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தவர்களில் மனச்சோர்வு கடுமையாக இருந்த சுமார் 500 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. மறுபாதிக்கு அதோடு ஆறிலிருந்து எட்டு அமர்வுகள். அமர்வுகளை நடத்தியவர்கள் டாக்டர்கள் அல்ல, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். அவர்கள் செய்த முக்கியமான வேலை, விட்டுப்போன காரியங்களைச் சின்னச் சின்னதாகத் திரும்பத் தொடங்கவைத்ததுதான். மூன்று மாதத்தில், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். அமர்வுகளும் பெற்றவர்களில் 64 சதவீதம்.

மனசு வரும் என்று காத்திருக்க வேண்டாம், கை முதலில் போகட்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் எனக்குத் தேவையில்லை.

சரி, அதற்குத் தோட்டவேலை செய்யலாம், கூடை பின்னலாம். வாடிக்கையாளர் எதற்கு? என் கணிப்பில் விஷயத்தின் சாரமே இங்கேதான் இருக்கிறது.

மனச்சோர்வில் இருப்பவரை வீட்டில் எல்லாரும் நோயாளியாகவே பார்ப்பார்கள். ‘மாத்திரை போட்டியா?’, ‘ஏன் மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?’ என்று பாசத்தோடு கேட்கிற ஒவ்வொரு கேள்வியும் நோயை ஞாபகப்படுத்தும். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கோ இவர் கதை எதுவும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், இந்தம்மாவிடம் கேட்டால் சேலை எடுத்துக் காட்டுவார் என்பதுதான். அந்த ஐந்து நிமிடமும் இவர் நோயாளி இல்லை. விவரம் தெரிந்தவர், உதவக்கூடியவர். தன்னால் யாருக்கும் எந்தப் பிரயோஜனமும் இல்லை என்று இந்த நோய் மனசுக்குள் ஓயாமல் ஓதிக்கொண்டிருக்கும். அதை வாயால் வாதாடி ஜெயிக்க முடியாது; பெற்ற தாய் சொன்னாலும் எடுபடாது. பை நிறைய வாங்கிக்கொண்டு ‘நல்லாக் காட்டுனம்மா’ என்று ஒரு முன்பின் தெரியாத ஆள் சொல்லிவிட்டுப் போனால், அது எங்கோ போய்ப் பதிகிறது.

இந்த உறவு சின்னது என்பதே இதன் பலம். நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால் மூன்று மணி நேரம் சிரிக்க வேண்டும். சோர்ந்த மனசுக்கு அது மலை. கவுன்ட்டரில் ஐந்து நிமிடம் முகம் கொடுத்தால் போதும், பிறகு அவர் போய்விடுவார், அடுத்தவர் வருவார். சரியாகப் பேசவில்லையா, பரவாயில்லை, அடுத்தவரிடம் பேசிக்கொள்ளலாம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கில்லியன் சாண்ட்ஸ்ட்ராமும் எலிசபெத் டன்னும் ஒரு காபிக் கடையில் சோதனை செய்தார்கள். பாதிப் பேரிடம் சட்டென்று காபி வாங்கிக்கொண்டு போகச் சொன்னார்கள். மீதிப் பேரிடம் காபி போடுகிறவர் கண்ணைப் பார்த்துச் சிரித்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். பேசியவர்கள்தான் கூடுதல் சந்தோஷத்தோடு, தாமும் இந்த ஊரில் ஓர் ஆள் என்கிற உணர்வோடு வெளியே வந்தார்கள். அளந்தது காபி வாங்கியவர்களின் மனநிலையை. கொடுத்தவரின் மனநிலையை அல்ல. ஆனாலும் அந்த அக்கா சொன்னதைக் கேட்டபோது, அது இரண்டு பக்கமும் பாய்கிறது என்றே நம்பத் தோன்றுகிறது. “இந்தக் கலர் உங்களுக்கு எடுப்பா இருக்கும்கான்னு சொல்றப்ப, சும்மா சொல்றதில்ல. நெசமாவே அவுகளப் பாக்குறேன். என்னையவே பாத்துக்கிட்டு இருந்தவ, அடுத்தவுகளப் பாக்குறேன்.”

வேலையால் மனசு தேறும் என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1794-இல் சென்னையில் தொடங்கி, 1871 முதல் கீழ்ப்பாக்கத்தில் இயங்கிவரும் மனநலக் காப்பகத்தில் 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளராக இருந்தவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்பட்டவர், 2021 டிசம்பரில் தன் 98-வது வயதில் மறைந்தார். பூட்டிவைத்துப் பார்ப்பது சிகிச்சை ஆகாது, வெளியே போய் வேலை செய்து பிழைக்க வழி காட்டுவதும் சிகிச்சைதான் என்று பிடிவாதமாக நின்றவர். ஓய்வு பெற்ற பிறகு 1984-இல் அவர் தொடங்கிய ‘ஸ்கார்ஃப்’ அமைப்பு, மனச்சிதைவு உள்ளவர்களுக்குச் சிகிச்சையோடு மறுவாழ்வையும் சேர்த்தே கொடுத்துவருகிறது. அண்மை ஆண்டுகளில் அதே கீழ்ப்பாக்கம் வளாகத்தில், குணமடைந்தவர்களே நடத்தும் ஒரு கஃபே வந்தது. பெரிய மதில்சுவர் கொண்ட அந்த வளாகத்தைப் பற்றி நம் சினிமா எத்தனை மட்டமான நகைச்சுவை செய்திருக்கிறது! அங்கே தேறியவர் கையால் ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டுச் சில்லறையை எண்ணி வாங்கிக்கொள்கிறவருக்கு, அந்த நகைச்சுவை இனிச் சுலபமாக எடுபடாது.

இத்தாலியின் ட்ரியெஸ்டே நகரம் இதில் இன்னும் ஒரு படி மேலே போனது. 1971-இல் அங்கே மனநல மருத்துவமனைக்குப் பொறுப்பேற்ற ஃபிராங்கோ பசாலியா, உள்ளே நோயாளிகள் தரை கூட்டுவதையும் துணி வெளுப்பதையும் பார்த்தார். ‘வேலைச் சிகிச்சை’ என்ற பேரில் அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. அடுத்த சில ஆண்டுகளில் அதே நோயாளிகள் கூட்டுறவு ஒன்றை அமைத்து, அதே வேலைக்கு ஒப்பந்தம் போட்டுக் கூலி வாங்கினார்கள். அந்த வளாகம் பின்னர் ஊருக்குத் திறந்துவிடப்பட்டது. அதற்குள் கூட்டுறவு நடத்தும் உணவகம் ஒன்றும் வந்தது, ஊர்க்காரர்கள் வந்து சாப்பிட்டார்கள். 1978-இல் இத்தாலி தன் மனநல மருத்துவமனைகளை மூட வழிசெய்யும் சட்டமே கொண்டுவந்தது. பசாலியாவிடம் நான் எடுத்துக்கொள்வது கூலியைத்தான். ‘மனசுக்கு ஆறுதலா இருக்கும், வந்து உக்காரச் சொல்லுங்க’ என்று சும்மா வேலை வாங்குவது கருணை ஆகாது. மதுரை அக்கா தன் முதல் மாதச் சம்பளத்தில் மகனின் டியூஷன் பாக்கியை அடைத்தார். அதைச் சொல்லும்போதுதான் அவர் முதுகு நிமிர்ந்தது.

அமெரிக்காவில் 1990-களின் தொடக்கத்தில் ராபர்ட் டிரேக்கும் டெபோரா பெக்கரும் இன்னொன்றையும் மாற்றினார்கள். அதுவரை மனநோயிலிருந்து மீள்பவர்களுக்குப் பல மாதம் பயிற்சி கொடுத்து, ‘தயார்’ என்று சான்று கொடுத்த பிறகே வேலைக்கு அனுப்புவது வழக்கம். இவர்கள் முதலில் வேலையில் சேர்த்தார்கள், நிஜக் கடையில், நிஜச் சம்பளத்துக்கு. பயிற்சியும் துணையும் வேலை பார்க்கிற இடத்திலேயே தொடர்ந்தன. பல நாடுகளில் நடந்த சோதனைகளில் பழைய முறையைவிட இதில்தான் கூடுதல் பேர் வேலையில் நிலைத்தார்கள். விளக்குத்தூண் கடைவாசலில் ‘அனுபவம் அவசியமில்லை’ என்று எழுதி மாட்டுகிற முதலாளிக்கு இந்த ஆராய்ச்சி தெரியாது. காரியம் என்னவோ அதுதான்.

இதுவரை சொன்னதை வைத்துக்கொண்டு யாரையும் பிடித்துக் கடையில் கொண்டுபோய்த் தள்ளிவிடக் கூடாது. வாடிக்கையாளர் வேலைக்கு இன்னொரு முகம் உண்டு, அது கொடூரமானது.

அந்த அக்காவுக்கும் நடந்தது. ஒரு குடும்பம் வந்து, அலமாரியில் இருந்ததையெல்லாம் இறக்கச் சொல்லி, மலையாகக் குவித்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் எழுந்தது. போகிறபோது அதில் ஓர் அம்மா, “காட்டுறதுக்கே சலிச்சுக்கிறா, மூஞ்சியப் பாரு” என்றிருக்கிறார். அக்கா உள்ளே குடோனில் போய் உட்கார்ந்துவிட்டார். பழைய இருட்டு அப்படியே வந்து இறங்கியதாகச் சொன்னார். பக்கத்தில் வேலை பார்க்கும் பெண் ஒன்றும் கேட்காமல் அவர் இடத்தில் போய் நின்றுகொண்டது. முதலாளி ஒரு டீ சொல்லி அனுப்பினார். அரை மணி நேரம் கழித்து இவராக எழுந்து வந்தார். இதுவே வேறு கடையாக இருந்திருந்தால்? கேமராவில் பார்த்து மைக்கில் பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள், அரை நாள் சம்பளத்தைப் பிடித்திருப்பார்கள், அவர் மறுநாள் வந்திருக்கவே மாட்டார்.

சமூகவியலாளர் ஆர்லி ஹாக்சைல்ட் 1983-இல் விமானப் பணிப்பெண்களைப் பற்றி எழுதிய நூல் இதைத்தான் பேசுகிறது. உள்ளே எது ஓடினாலும் வெளியே சிரித்தாக வேண்டும் என்பதும் ஓர் உழைப்பு. உடம்புழைப்பு போலவே அதுவும் ஆளைத் தேய்க்கும். முகத்தில் ஒட்டவைத்த சிரிப்பு நாளாக ஆகச் சொந்த உணர்ச்சியையே அடையாளம் தெரியாமல் ஆக்கிவிடும். ராத்திரி ஷிஃப்டில் வெளிநாட்டுக்காரர்களின் வசவைக் கேட்டுக்கொண்டு ‘சாரி சார்’ சொல்லும் கால் சென்டர் பிள்ளைகளையும், ஒரு ஸ்டார் குறைந்தால் வருமானம் குறையுமோ என்று பயந்து மழையில் சாப்பாடு கொண்டுவரும் பையனையும் நினைத்துப் பாருங்கள். மனச்சோர்விலிருந்து மீள்பவருக்கு அது இடமில்லை. திடமான ஆளையே அது சோர்வில் தள்ளும்.

உட்கார இடம் கொடுப்பதில் தொடங்குகிறது எல்லாம். காலை பத்து மணிக்கு நின்றால் ராத்திரி ஒன்பது வரை நிற்க வேண்டும், சுவரில் சாயக் கூடாது என்பது நம் ஜவுளிக்கடைகளின் எழுதாத விதி. தி.நகர் கடைகளில் அந்த வாழ்க்கை எப்படி என்பதை 2010-இல் வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ படத்தில் பார்த்துக் கலங்கினோம். கேரளம் 2018-இல் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாடு 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. ஊழியர்கள் எல்லாருக்கும் இருக்கை வைத்தாக வேண்டும் என்று அது சொல்கிறது. அடுத்த முறை கடைக்குப் போகும்போது கவுன்ட்டருக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள், ஸ்டூல் இருக்கிறதா என்று. இல்லையென்றால் ஏன் என்று முதலாளியிடமே கேளுங்கள். வாங்குகிறவர் கேட்டால் அதற்கு எடை அதிகம்.

வீட்டில் யாராவது இந்த நோயோடு இருந்தால், சில விஷயங்களை மனதில் வையுங்கள். நோய் முற்றிய நிலையில், சாக வேண்டும் என்ற நினைப்பு இருக்கும்போது, வேலைப் பேச்சே வேண்டாம்; அப்போது மருத்துவர்தான் முதல். மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே சில வாரம் பிடிக்கும். தேறிவிட்டோம் என்று நாமாக நிறுத்தக் கூடாது. நன்றான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். அந்த அக்கா இன்றும் மாதம் ஒருநாள் ஓ.பி.க்குப் போகிறார். அவசரத்துக்கு 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ உதவி எண் 14416 இருக்கிறது. எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. வேலையைத் தொடங்கும்போது முழு நாள் வேண்டாம். மடிக்கிற வேலை, பில்லோடு பொருளைச் சரிபார்த்துப் பையில் போடுகிற வேலை என்று ஓரத்தில் தொடங்கி, அவராக முன்னுக்கு வரட்டும்.

முதலாளியிடமும் பேசினேன். ஐம்பதைத் தாண்டியவர், கணக்கில் கெட்டி. பரிதாபப்பட்டு வைத்திருக்கிறீர்களா என்று கேட்டதும் முகம் மாறிவிட்டது. “பரிதாபத்துல சம்பளம் குடுக்க எனக்கு மில்லா ஓடுது? மாசத்துல ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போகும். முடியலன்னா சொல்லிட்டு வீட்டுக்குப் போயிரும். மத்த நாள்ல அதுகிட்ட வந்த கஸ்டமர் திரும்ப அதையேதான் கேட்டு வர்றாங்க. கைத்தறிச் சேலை எடுக்கிறவங்களுக்குப் பொறுமையாச் சொல்ற ஆள் வேணும். அவசரப்படுற ஆளுகளுக்கு அந்தப் பொறுமை வராது.”

2015-16-இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயதுவந்தவர்களில் 20 பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது மனச்சோர்வுக்கு ஆளாகிறார். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் சிகிச்சைக்கே வருவதில்லை. வந்தவர்களும் மாத்திரைச் சீட்டோடு வீட்டுக்குத் திரும்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறார்கள். மாவட்டந்தோறும் மனநலத் திட்டம் இருக்கிறது, வணிகர் சங்கமும் இருக்கிறது. இரண்டும் ஒருமுறைகூட ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டிய அவசியம் வரவில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தேறிவருகிறவர்களின் பட்டியல் அரசு மருத்துவமனையில் இருக்கிறது, அவர்கள் சம்மதித்தால். ஆள் தேவைப்படும் கடைகளின் பட்டியல் சங்கத்தில் இருக்கிறது. நடுவில் அலைவதற்கு மாவட்டத்துக்கு ஒரு சமூகப் பணியாளர் போதும். சேர்த்துவிட்டு, முதல் மூன்று மாதம் வாரம் ஒருமுறை கடைக்குப் போய் இரண்டு பக்கமும் விசாரிப்பது அவர் வேலையாக இருக்கட்டும். அடுத்த தீபாவளி சீசனுக்கு அட்டை தொங்குவதற்குள் ஒரே ஒரு மாவட்டத்திலாவது இதைத் தொடங்கிப் பார்க்கலாம். மதுரையிலேயே தொடங்கலாம்.